நான்கு பைப்பும் வெறும் குழாய்: கம்ப்யூட்டர் கூலர் வாங்குவோர் கவனத்துக்கு

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் சிப்பின் சூட்டைத் தணிக்க விலை குறைந்த கூலர் தேடிக்கொண்டிருப்பவர்களும், வாங்கி இன்னும் ஒரு மாதம் ஆகாதவர்களும் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். சித்திரைக் கடைசியில் வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் 1,450 ரூபாய் கொடுத்து 'நான்கு ஹீட் பைப்' கூலர் ஒன்றை வாங்கினேன். ஹீட் பைப் என்பது ப்ராசஸரின் சூட்டை மேலே கடத்திச் செல்லும் செம்புக் குழாய். அதில் வேலை செய்கிற ஹீட் பைப் ஒன்றுகூட இல்லை. நான்குமே செம்பு நிறம் பூசிய அலுமினியக் குழாய்கள். அதைக் கண்டுபிடிக்கப் பதினெட்டு நாள் ஆயிற்று. அதற்குள் ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டுக்கு 350, கூடுதல் ஃபேனுக்கு 600 என்று அதே கடைக்கு மேலும் பணம் கட்டியிருந்தேன்.

கடையின் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெட்டியில் அச்சிட்டிருந்த நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை, இந்தப் பொருளை அவர்கள் செய்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

நான் தண்டையார்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மாடியில் ஒரே அறை, மேலே சிமென்ட் ஷீட். அக்னி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கு அறையிலேயே 35 டிகிரி காட்டும். மூன்று ஆண்டுகளாக ஏஎம்டி ரைசன் 5 5600 ப்ராசஸரை வைத்திருக்கிறேன். பெட்டியோடு வரும் கூலரில் ஹீட் பைப் கிடையாது, அலுமினியக் கட்டியின் மேல் ஒரு ஃபேன், அவ்வளவுதான். அதுவே இத்தனை நாள் சமாளித்தது. இந்தக் கோடையில் ஃபேனின் பேரிங் தேய்ந்து அரைக்கத் தொடங்கியது. ரெண்டரிங் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) ஓடும்போது ப்ராசஸர் 88 டிகிரியைத் தொட்டது. இந்த ப்ராசஸருக்கு எல்லை 90 டிகிரி. அதைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வைகாசி முகூர்த்த வேலைகள் வரிசையாக இருந்ததால் உடனே மாற்றிவிடலாம் என்று போனேன்.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். "தம்பி, இது நான்கு பைப், 120 மில்லிமீட்டர் ஃபேன். உங்கள் ப்ராசஸர் 65 வாட்தான், இது 150 வாட் தாங்கும்" என்றார். கம்ப்யூட்டர் கேபினட்டையே எடுத்துச் சென்றிருந்ததால் கடைப் பையனே பொருத்திக் கொடுத்தான். ஆன் செய்து பயாஸ் திரையைக் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) காட்டினார்கள். 46 டிகிரி. "பார்த்தீர்களா?" என்று கேட்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த 46 டிகிரியால்தான் ஏமாந்தேன். ஏசி போட்ட கடை, ஆன் செய்து ஒரு நிமிடம்கூட ஆகாத கம்ப்யூட்டர், வேலையே செய்யாத ப்ராசஸர். அந்த நிலையில் எந்த இரும்புத் துண்டை மேலே வைத்தாலும் குறைந்த டிகிரிதான் காட்டும். உலோகம் சூடாவதற்கே நேரம் வேண்டும் அல்லவா? கூலரின் தகுதி முழு வேலையில், பத்து நிமிடத்துக்குப் பிறகுதான் தெரியும். கடையில் யாராவது பயாஸ் திரையைக் காட்டி "பாருங்கள், குளிர்ச்சியாக இருக்கிறது" என்று சொன்னால் அதை ஒரு சோதனையாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பில் கேட்டேன். பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும் என்றார். வெள்ளைத் தாளில் 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்டு, கூலர் 1,450 என்று எழுதிக் கொடுத்தார். அவர் அப்படிச் சொன்னதும் நான் மசிந்திருக்கக் கூடாது. பெட்டியில் போட வேண்டிய அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் வரி என்று ஒரு பைசா கேட்க யாருக்கும் உரிமையில்லை.

வீட்டுக்கு வந்து அன்று இரவே ஒரு வளைகாப்பு வீடியோவை ரெண்டரிங்கில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் 90 டிகிரி. 4.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட வேண்டிய ப்ராசஸர் 3.1க்கு இறங்கிவிட்டது. பழைய கூலரில் நாற்பது நிமிடத்தில் முடிகிற வேலைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் போனபோது பேஸ்ட் சரியில்லை என்று 350 ரூபாய்க்கு வேறொரு பேஸ்ட்டைத் தடவினார்கள். மாற்றமில்லை. நான்கு நாள் கழித்துப் போனபோது, "உங்கள் பக்கம் கன்டெய்னர் லாரித் தூசி அதிகம், கேபினட்டில் காற்றோட்டம் போதாது" என்று 600 ரூபாய்க்கு ஒரு ஃபேன். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் தூசி அதிகம் என்பது உண்மைதான், மாதம் ஒருமுறை நான் பிரஷ் வைத்துச் சுத்தம் செய்கிறேன். ஆனால் வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத கூலரில் எந்தத் தூசி அடைக்கும்? மூன்றாவது முறை போனபோது உங்கள் ப்ராசஸரே பழுது, புதிது போடுங்கள் என்றார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பழைய கூலரில் ஓடிய ப்ராசஸர் புதுக் கூலர் போட்டதும் எப்படிப் பழுதாகும்?

எங்கள் தெருவில் ஏசி மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கூலரைக் கழற்றி அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் பற்றி அவருக்குத் தெரியாது, ஆனால் குழாய் பற்றித் தெரியும். ஹீட் பைப் எப்படி வேலை செய்யும் என்று கேட்டார். காற்றை நீக்கி மூடிய செம்புக் குழாய், உள்ளே சில சொட்டுத் தண்ணீர். காற்று இல்லாததால் குறைந்த சூட்டிலேயே அந்தத் தண்ணீர் ஆவியாகும். ப்ராசஸர் பக்கம் ஆவியாகி மேலே தகடுகள் இருக்கும் முனைக்கு ஓடும், அங்கே சூட்டை விட்டுவிட்டு மறுபடி தண்ணீராகும், உட்சுவரில் இருக்கும் சொரசொரப்பான படலம் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அதைக் கீழே இழுத்து வரும். இவ்வளவும் சொன்னேன். "அப்படியென்றால் கீழே சூடு பட்ட உடனே மேலே சுட வேண்டுமே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்தார்.

ஃபேனைக் கழற்றிவிட்டு, கூலரின் அடித்தட்டு மட்டும் நனைகிற அளவுக்கு நீரில் வைத்தோம். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் முனைகளை நான் விரலால் பிடித்துக்கொண்டேன். பத்து எண்ணினார். இருபது எண்ணினார். ஒரு நிமிடம் ஆகியும் முனைகள் ஜில்லென்றுதான் இருந்தன. அடித்தட்டு கை வைக்க முடியாத சூடு. ஒப்பிட்டுப் பார்க்க என் மைத்துனரிடமிருந்து ஐந்து வருடப் பழைய கூலர் ஒன்றை வாங்கி வந்திருந்தேன். அதை அதே கிண்ணத்தில் வைத்ததும் ஐந்து எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு.

அண்ணன் அரத்தை எடுத்து ஒரு முனையில் இரண்டு இழுப்பு இழுத்தார். செம்பு நிறம் போய் வெள்ளையாகப் பளிச்சிட்டது. பிறகு என்னிடம் கேட்டுவிட்டு, நான் செல்போனில் வீடியோ எடுக்க, ஏசி குழாய் வெட்டும் கட்டரால் அந்தக் குழாயைச் சுற்றி வெட்டினார். நல்ல ஹீட் பைப்பாக இருந்தால் உள்ளே செம்புத் தூளை ஒட்டவைத்ததுபோல ஒரு படலமோ, நெருக்கமான வரிப்பள்ளங்களோ இருக்கும், ஈரமும் இருக்கும். இதன் உள்ளே வழவழவென்று, காய்ந்து கிடந்தது. வெறும் குழாய். "ஏசியில் கேஸ் போய்விட்டால் ஃபேன் சுற்றும், காற்றும் வரும், குளிர் மட்டும் வராது. இவன் கேஸே அடைக்காமல் விற்றிருக்கிறான்" என்றார்.

இதைவிட எனக்கு ஆத்திரம் மூட்டியது ஃபேன். அதன் பிளக்கில் நான்கு துளை இருக்கிறது, ஆனால் பின்னால் வருவது இரண்டு ஒயர். நான்கு ஒயர் இருந்தால் மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகை) ஃபேனின் வேகத்தைத் துல்லியமாகக் கூட்டிக் குறைக்கும். மூன்றாவது ஒயராவது இருந்தால்தான் ஃபேன் சுற்றுகிறதா என்று அதற்குத் தெரியும். இரண்டே ஒயர் என்றால் ஃபேன் ஓடினாலும் வேகம் பூஜ்யம் என்றுதான் காட்டும். அப்போது என் மதர்போர்டு ஆன் செய்தவுடன் ஃபேன் பழுது என்று எச்சரித்திருக்க வேண்டும், எச்சரிக்கவில்லை. பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். அந்த எச்சரிக்கையையே அணைத்து வைத்திருந்தார்கள். கடையில் பொருத்தும்போதே செய்த வேலை. அதாவது அந்தப் பையனுக்கும் முதலாளிக்கும் இது என்ன பொருள் என்று நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பேஸ்ட்டும் ஃபேனும் விற்றார்கள். ராத்திரி ரெண்டரிங்கைப் போட்டுவிட்டுத் தூங்குகிறவன் நான். ஃபேன் நின்றிருந்தால் ஒரு சத்தம்கூட வந்திருக்காது. தயவுசெய்து உங்கள் பயாஸில் அந்த எச்சரிக்கை இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள்.

பெட்டியை அப்புறம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி ஒட்டிய ஸ்டிக்கர் இல்லை. எந்த நாட்டில் செய்தது, எந்த மாதம் எந்த ஆண்டு, விலை என்ன, எதுவும் இல்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகளின்படி வெளிநாட்டிலிருந்து வந்து பெட்டியோடு விற்கும் பொருளில் இவை இருக்க வேண்டும். வாங்கும்போது அரை நிமிடம் பெட்டியைத் திருப்பிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பெட்டியில் எடை 640 கிராம் என்று போட்டிருக்கிறது. மளிகைக் கடைத் தராசில் வைத்தால் ஃபேனோடு சேர்த்து 385.

வெந்நீர்ச் சோதனையைப் பொருத்துவதற்கு முன் நீங்களும் செய்யலாம். ஃபேனைக் கழற்றிவிட வேண்டும், பிறகு ஒரு சொட்டு ஈரமில்லாமல் நன்றாக உலர்த்த வேண்டும். பொருத்திய பிறகு சினிபெஞ்ச் போன்ற இலவசச் சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் ப்ராசஸரின் சூட்டையும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். அறைச் சூட்டைக் கழித்தால் வருகிற வித்தியாசம்தான் கூலரின் கணக்கு. ஊட்டியில் ஒருவர் 60 டிகிரி என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நம் ஊர் மே மாதத்தில் அதை எதிர்பார்க்கக் கூடாது. பிறகு நான் முறையான பில்லோடு வேறு கடையில் வாங்கிய நான்கு பைப் கூலர், அறை 35 டிகிரி இருக்கும்போது 76 காட்டுகிறது. வித்தியாசம் 41. வேகமும் குறையவில்லை. விலை 1,900 ரூபாய், ஆக விலை குறைந்ததெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. என்னுடையது போன்ற ஏஎம்4 வகை ப்ராசஸரில் ஊசி போன்ற பின்கள் ப்ராசஸரின் அடியிலேயே இருக்கும். பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரை நேராக மேலே இழுக்கும்போது ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடலாம். பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சூடு இருக்கும்போதே கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பிறகு தூக்குங்கள்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். எஸ்டிமேட் சீட்டு, யுபிஐ பணம் போன விவரம், கிண்ணத்துச் சோதனை வீடியோ மூன்றையும் இணைத்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, பில் தராமல் விற்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் காலக்கெடு போடாவிட்டால் முப்பது நாள் என்று கணக்கு. அதனால்தான் ஒரு மாதம் ஆகாதவர்கள் படியுங்கள் என்று மேலே எழுதினேன்.

புகார் கொடுத்த ஒன்பதாம் நாள் கடைக்காரர் கூப்பிட்டார். பணம் தர முடியாது, வேறு பீஸ் தருகிறேன் என்றார். போனேன். அதே அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். அவர் முன்னாலேயே பிரித்து ஃபேன் பிளக்கைப் பார்த்தேன். இரண்டு ஒயர். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். "1,450 ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சலா தம்பி?" என்று கேட்டார். காசிமேட்டில் ஒரு பெண்ணின் அப்பா தன் மகள் கல்யாண வீடியோவுக்காக மூன்று முறை என் மாடிப்படி ஏறி வெறுங்கையோடு இறங்கினார். அந்த வேலையில் பாக்கி 4,000 ரூபாயை வாங்க எனக்கு மனம் வரவில்லை. இதையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை.

சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. அதே கடையில், அதே எஸ்டிமேட் சீட்டில் இப்படி வாங்கியவர்கள் இருந்தால் சீட்டையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2,400 ரூபாயும் திரும்பக் கேட்கப் போகிறேன். வெட்டிய குழாயைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூலரோடு கட்டி வைத்திருக்கிறேன், மனுவோடு அதுவும் போகும்.