நைரோபியில் ஒரு பகல்: பூங்காவா, யானைக்குட்டியா, காடா?

கென்யத் தலைநகரில் ஒரே ஒரு பகல் கிடைத்தால் என் ஓட்டு தேசியப் பூங்காவுக்குத்தான். 1946இல் தொடங்கிய, நாட்டின் முதல் தேசியப் பூங்கா அது. பரப்பு 117 சதுர கிலோமீட்டர். நகரத்தை ஒட்டிய பக்கங்களில் வேலி உண்டு, தெற்கே கிடையாது. விலங்குகள் சமவெளிக்குப் போய்வர அந்த வழிதான். சிங்கம், எருமை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இருந்தாலும், நான் போகச் சொல்வது கருப்புக் காண்டாமிருகத்துக்காக. பின்னணியில் உயரக் கட்டடங்களும் பூங்காவின் குறுக்கே போகும் ரயில் மேம்பாலமும் தெரியும். சிலருக்கு அது உறுத்தும். எனக்கு அதுதான் இந்த ஊரின் அழகு.

ஆனால் இங்கே காட்டு யானை இல்லை. பறிமுதல் செய்த தந்தங்களை 1989இல் 12 டன்னும், 2016இல் 105 டன்னும் எரித்தது இதே பூங்காவில்தான் என்பது வேறு விஷயம். யானை பார்க்க ஓரத்திலுள்ள ஷெல்ட்ரிக் காப்பகத்துக்குப் போகவேண்டும்; அதற்குத் தனி வாசல். தாயை இழந்த குட்டிகள் பாட்டில் பால் குடிப்பதைக் காலை 11 முதல் 12 வரை காட்டுகிறார்கள். முன்பதிவு கட்டாயம். வளர்ந்ததும் அவை சாவோ காட்டுக்குப் போய்விடும். கயிற்றுக்குப் பின்னால் கூட்டத்தோடு நின்று பார்ப்பதுதான், ஆனாலும் அலுக்காது.

ஒட்டகச்சிவிங்கி மையம் குழந்தைகளுக்குச் சரி. மேடையேறித் தீனி கொடுக்கலாம், படம் எடுக்கலாம், அரை மணியில் முடிந்துவிடும்.

கரூரா காடு வேறு ரகம். 1990களின் கடைசியில் இதை வீட்டுமனையாக்கப் பார்த்தவர்களைக் கென்யச் சூழலியல் போராளி வங்காரி மாத்தாய் எதிர்த்து நின்றார். 1999 ஜனவரியில் மரம் நடப் போனபோது அடியாட்களின் தாக்குதலில் தலையில் காயம்பட்டார். 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று அங்கே அருவி, குகை, சைக்கிள் பாதை, குடும்பம் குடும்பமாக நடக்கும் நகரவாசிகள். சிங்கம் தேடி வந்தவருக்கு ஏமாற்றம்தான். ஊரை அறிய வந்தவருக்குப் பூங்காவைவிட இதுவே மேல்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்காதீர்கள், டிராஃபிக் விடாது. விடிந்ததும் பூங்கா, 11 மணிக்கு யானைக்குட்டிகள், நேரமிருந்தால் ஒட்டகச்சிவிங்கி: மூன்றும் தெற்கு, தென்மேற்குப் பக்கம். கரூரா வடக்கே இருப்பதால், 'துர்க்கானா சிறுவன்' என்ற ஆதிமனித எலும்புக்கூடு கண்டெடுத்த கதையைச் சொல்லும் தேசிய அருங்காட்சியகத்தோடு சேர்த்து இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.