வெறும் வயிறு மட்டும் போதாது: கொழும்பில் செய்த மூச்சுப் பரிசோதனை

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரே பரிசோதனைக்காக நான் இரண்டு தடவை போய்வர நேர்ந்தது; முதல் தடவை, ஊதிய முதல் மூச்சோடேயே பரிசோதனை நிறுத்தப்பட்டது. ஆகவே இந்த மதிப்பீடு அந்தத் தனியார் மருத்துவமனையின் இயந்திரத்தைக் காட்டிலும், அதன் முன்னால் போய் அமர்வதற்கு எங்களை அவர்கள் எவ்வாறு ஆயத்தப்படுத்துகிறார்கள் என்பதைப் பற்றியதாகவே இருக்கும்.

பால்மாத் தேநீர் குடித்தால் வயிறு ஊதி இரைவதும், ஓரிரு மணித்தியாலத்தில் வயிற்றோட்டமாவதும் இரண்டு வருடங்களாக எனக்கு இருந்த தொல்லை. வயிற்று நோய் நிபுணர் மூச்சுப் பரிசோதனை எழுதித் தந்தார். அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு பரிசோதனைகள் இருப்பது எனக்கு அப்போது தெரியாது. பதிவு செய்தவருக்கும் அது நினைவில் இருக்கவில்லை போலும். இரைப்பையில் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியாவைத் தேடுவது ஒன்று. அதற்கு யூரியா குடிக்கக் கொடுப்பார்கள். பாலிலுள்ள லக்டோஸ் என்ற சர்க்கரை குடலில் செரிக்கிறதா என்று பார்ப்பது மற்றது. அதில் மூச்சிலுள்ள ஐதரசன் அளக்கப்படும். எனக்கு வேண்டியது இரண்டாவது. கையில் தரப்பட்டதோ முதலாவதற்கான ஆங்கிலத் தாள்.

அதை நம்பி, இரைப்பை அமிலத்தைக் குறைக்க நான் வழமையாக எடுக்கும் ஒமெப்ரசோல் குளிசையைப் பதினான்கு நாள் நிறுத்தி, நெஞ்செரிவோடு இரவுகளைக் கழித்தேன். யூரியாப் பரிசோதனைக்கு அந்த நிறுத்தம் அவசியம். ஐதரசன் பரிசோதனைக்குத் தேவையில்லை. தாளை வாசித்துச் சொன்னபோது, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கும் என் பெரியப்பா, "வயலுக்கு எறியிற யூரியாவையோ குடிக்கப் போறாய்?" என்று கேட்டார். பொருள் அதுவேதான், ஆனால் கொடுக்கும் அளவு 75 முதல் 100 மில்லிகிராம் வரைதான், அதிலுள்ள காபனும் மூச்சில் கண்டறியக்கூடியபடி அடையாளம் இடப்பட்டது என்று விளங்கப்படுத்தியும் அவர் சிரிப்பை நிறுத்தவில்லை.

உணவைப் பற்றி அந்தத் தாளில் ஆறு மணித்தியாலம் வெறும் வயிறு என்பதற்கு மேல் ஒரு வரியும் இல்லை. எனவே புறப்படும் நாள் மதியம் பழஞ்சோறும் சின்ன வெங்காயமும், இரவு எட்டு மணிக்குச் சிவப்பரிசிச் சோறும் பருப்புக்கறியும் சாப்பிட்டுவிட்டு இரவுப் பேருந்தில் ஏறினேன். காலை எட்டரைக்கு முதல் மூச்சை ஊதியபோது கருவி ஐதரசன் மில்லியனில் 34 பங்கு என்று காட்டியது; வெறும் வயிற்றுக்கு அது மிக அதிகம். தாதி என்னை ஏற இறங்கப் பார்த்து, "நேற்று என்ன சாப்பிட்டீங்கள்?" என்று கேட்டார்.

அவர் தந்த விளக்கம், பதிவின்போதே எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. மனித உடலின் கலங்கள் ஐதரசனை உண்டாக்குவதில்லை. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் மாப்பொருளையும் சர்க்கரையையும் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போதே அது உண்டாகி, இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக வெளியேறுகிறது. பருப்பு, வெங்காயம், உள்ளி, தவிட்டோடு கூடிய அரிசி ஆகியவை மறுநாளும் குடலில் நொதித்துக்கொண்டிருக்கும். சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறுவதால் பழஞ்சோறும் அந்த வரிசையில் சேர்கிறது. ஆக, எங்கள் வீட்டுச் சமையலில் உடம்புக்கு நல்லது என்று நாங்கள் நம்பும் அத்தனையும், அந்த ஒரு நாளைக்கு மட்டும், ஆகாதவை.

இரண்டாம் தடவை தாதியே தொலைபேசியில் கேள்விகளைக் கேட்டார்: கடந்த நான்கு வாரத்தில் அன்ரிபயோட்டிக் எடுத்தீர்களா, ஒரு வாரத்துக்குள் பேதி மருந்து குடித்தீர்களா என்று. பரிசோதனைக்கு முந்தைய நாள் முழுவதும் வெள்ளையரிசிச் சோறு, அவித்த முட்டை, உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு அவித்த விரால் மீன். சொதியும் இல்லை, சம்பலும் இல்லை. அம்மாவுக்கு அது நோயாளிச் சாப்பாடாகக்கூடத் தெரியவில்லை. இரவு எட்டு மணிக்குப் பின் தண்ணீர் மட்டும். ஏ9 வீதியில் பேருந்து ஆடத் தொடங்கியதும் பக்கத்து இருக்கை அம்மா வாந்திக்கு நல்லது என்று புளிப்பு இனிப்பொன்றை நீட்டினார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பேருந்தில் நோன்பு காப்பவர்களுக்குத் தேநீர்க் கடையைவிடப் பெரிய ஆபத்து இந்த இனிப்புத்தான்.

பரிசோதனையைக் குறை சொல்ல எதுவுமில்லை. 25 கிராம் லக்டோஸைத் தண்ணீரில் கரைத்துத் தந்தார்கள். ஏறக்குறைய இரண்டு பெரிய குவளைப் பாலில் இருக்கும் அளவு அது. ஒவ்வொரு அரை மணித்தியாலமும் மூச்சை உள்ளிழுத்து, பதினைந்து விநாடி அடக்கி, மெதுவாக ஊத வேண்டும். மொத்தம் மூன்று மணித்தியாலம். அதற்கிடையில் நடந்து திரியவோ, உறங்கவோ, புகைக்கவோ கூடாது. இரவு முழுவதும் பேருந்தில் விழித்திருந்தவனுக்கு உறங்காமல் இருப்பதே பெரும்பாடு. தாதி இரண்டு தடவை வந்து தோளில் தட்டினார். தொடக்கத்தில் 4 ஆக இருந்த அளவு ஒன்றரை மணித்தியாலத்தில் 41 ஆயிற்று. தொடக்க அளவிலிருந்து 20 கூடினாலே லக்டோஸ் செரிக்கவில்லை என்று கொள்வார்கள்.

பணம் கட்டுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்குள்ள கருவி ஐதரசனை மட்டுமே அளக்கிறது. சிலருடைய குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த ஐதரசனை மெதேனாக மாற்றிவிடுவதால், அவர்களுக்கு நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

பரிசோதனைக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன்; ஆயத்தத்துக்கு ஒன்று, அதுவும் அந்தத் தாதிக்காக. நான் சொல்லச் சொல்ல அவர் சரியான தாளின் பின்புறத்தில் பழஞ்சோறு, சின்ன வெங்காயம், உள்ளி என்று சிங்கள எழுத்தில் குறித்துக்கொண்டார். கடந்த மாதம் அதே பரிசோதனைக்குப் பதிந்த என் மைத்துனிக்கு வந்தது பழைய யூரியாத் தாள்தான்.