காமிசுமோ அட்டைத் தொகுப்பு: வாங்கலாமா?

ஜப்பானியச் சிறுவர்களின் பழைய மேசை விளையாட்டான காமிசுமோவுக்கென விற்கப்படும் இத்தொகுப்பில், வெட்டி மடிக்க வேண்டிய மல்லர் உருவங்களும் களமாகக் கவிழ்த்து வைக்கும் பெட்டியும் உள்ளன. இரு மல்லர்களையும் கை கோத்தபடி வட்டத்தின் நடுவே நிறுத்தி, ஆளுக்கொரு பக்கமாகப் பெட்டியை விரல் நுனியால் தட்ட வேண்டும். அந்த அதிர்வில் முதலில் சாய்பவரோ கோட்டைத் தாண்டுபவரோ தோற்றவர்.

ஓவியங்கள் அழகு, அட்டைதான் ஏமாற்றுகிறது. நண்பர் சற்று வேகமாகத் தட்டியதும் கணுக்கால் துவண்டு, மல்லர் சண்டைக்கு முன்பே மண்டியிட்டுவிடுகிறார். அதே உருவங்களை 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) அட்டையில் நகலெடுத்து, தாளின் இழையோட்டம், அதாவது இழைகள் படிந்திருக்கும் திசை, தலையிலிருந்து காலை நோக்கிச் செல்லும்படி வெட்டி, மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோட்டை அழுத்திக் கீறிய பிறகே முதுகு நிமிர்ந்து நின்றது. பாதத்தின் அடிவிளிம்பு சமமாக இல்லையென்றால் மல்லர் ஒரே பக்கமாகச் சுழல்வார். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் போதும்.

உண்மையான சுமோ மற்போர்க் களத்து வட்டத்தின் விட்டம் 4.55 மீட்டர். நிஜ மல்லரின் உயரம் சுமார் 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த விகிதத்தில் ஆறு சென்டிமீட்டர் உயர அட்டை மல்லருக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் வட்டம் தேவை. இங்கே அச்சிட்டிருப்பதோ பத்துதான் என்பதால் ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. வீட்டில் காலணிப் பெட்டியும் கவராயமும் இருப்பவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை.