பழைய மின்னஞ்சலை எத்தனை வருடம் வைப்பது? முதலாளியிடம் நான் முன்வைத்த நான்கு வழிகள்

திருகோணமலை உட்துறைமுக வீதியில், கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். கோதுமையும், சீமெந்து செய்ய அரைக்கும் கிளிங்கரும் ஏற்றிவரும் கப்பல்கள்தான் எங்கள் பிழைப்பு. பழைய மின்னஞ்சல்களை என்ன செய்வது என்று முகாமைத்துவத்திடம் ஒரு முடிவு வாங்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

முதல் வழி, எதையும் அழிக்காமல் வைத்திருப்பது. முதலாளிமாருக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதற்கு முடிவே எடுக்கத் தேவையில்லை. ஆனால் இலவச ஜிமெயில் கணக்கில் கிடைப்பது 15 ஜிபி, அதையும் படங்களும் டிரைவும் பங்குபோடும். இடத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். மாலுமிகளின் கடவுச்சீட்டுப் பிரதிகளும், வேலை கேட்டு வந்தவர்களின் அடையாள அட்டைகளும் பத்து வருடமாக அங்கே கிடப்பதுதான் தலையிடி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், அப்படிப்பட்ட தரவைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஒரு கடவுச்சொல் களவு போனால் அத்தனையும் போகும்.

இரண்டாவது, அவரவர் கணினியில் இறக்கி வைப்பது. செலவே இல்லை, நாங்கள் செய்துவந்ததும் இதைத்தான். ஒருமுறை கப்பல் உரிமையாளர், சரக்கை இறக்கக் குறித்த காலத்துக்கு மேல் கப்பல் காத்திருந்தது என்று தாமதக் கட்டணம் கேட்டார். பொருளைப் பெற்றவரோ, கப்பல் இறக்கத் தயார் என்ற அறிவித்தல் தனக்கு வரவேயில்லை என்றார். நாங்கள்தான் அதை அனுப்பியிருந்தோம். இறக்கும் காலம் அந்த அறிவித்தலை வைத்துத்தான் ஓடத் தொடங்கும் என்பதால், எந்த மணிக்கு அனுப்பினோம் என்பதில்தான் முழுக் கணக்கும் நின்றது. அந்த மடல் ஓய்வுபெற்றுப் போன இலிகிதரின் கணினியில் மட்டும் இருந்தது. கணினியோ களஞ்சிய அறையில், ஜன்னலுக்குக் கீழே. மூடியைக் கழற்றினால் உப்புக் காற்றில் திருகாணிகள் துருவாக உதிர்ந்தன, வன்தட்டு சுழலவேயில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, கப்பல் உரிமையாளரிடமே பிரதி கேட்டு வாங்கினோம்.

மூன்றாவது, 90 நாளில் எல்லாவற்றையும் அழிப்பது. பெட்டி சுத்தமாக இருக்கும், அவ்வளவுதான். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட இலங்கையில் 6 ஆண்டுகள் அவகாசம் உண்டு. மின்னஞ்சலும் எழுத்துத்தான் என்பதற்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இருக்கிறது. எதிராளி கையில் மடல் இருக்க நாங்கள் வெறுங்கையோடு நிற்க வேண்டுமா?

நான் வாதாடியது நான்காவதற்கு: வகை பிரித்துக் காலம் குறிப்பது. ஒப்பந்தம், கட்டணம், இழப்பீடு தொடர்பானவை 7 வருடம். வேலை விண்ணப்பங்கள் ஒரு வருடம். சுற்றறிக்கை, மதியச் சாப்பாட்டுக் கணக்கு போன்றவை 90 நாள். பிணக்கு ஒன்று கிளம்பினால் அது தொடர்பான மடல்களை அழிப்பது உடனே நிறுத்தப்பட வேண்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். குறை என்னவென்றால், யாராவது உட்கார்ந்து வகை பிரிக்க வேண்டும். அந்த யாராவது நான்தான்.

"தம்பி, ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினால் போதாதா?" என்று முதலாளி கேட்டார். ஜிபி கணக்கெல்லாம் அவரிடம் எடுபடவில்லை. 2023இல் அரசாங்கத்தின் மின்னஞ்சல்களுக்கு நேர்ந்ததைச் சொன்னேன். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் கணினித் தாக்குதலில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் போய்விட்டன. அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லை. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. "சேர், அவர்களுக்கே இந்தக் கதி" என்றேன். பிறகு நான்கு வழிகளையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரே கேள்வியைப் போட்டேன்: அந்தத் தாமதக் கட்டண மடல் இன்று கையில் கிடைத்திருக்குமா?

தாளை இரண்டு முறை வாசித்துவிட்டு நான்காவதற்குக் கையொப்பமிட்டார், காப்புப் பிரதியை வேறொரு இடத்தில் வைப்பதற்கான செலவையும் சேர்த்து. ஆனால் தன்னுடைய பெட்டியில் மட்டும் ஒன்றும் அழிக்கக் கூடாதாம். அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.