கலை நிர்வாக மாஸ்டர்ஸ்: ஆன்லைனா, வேலையை விட்டுட்டு கேம்பஸா?

நான் ஆன்லைன்ல தான் முடிச்சேன், அதனால என் பேச்சு அந்தப் பக்கம் தான் சாயும், முதல்லயே சொல்லிடுறேன். படிக்கும்போது ஒரு சின்ன நாடக அரங்கத்துல நிகழ்ச்சி ஏற்பாடு பண்ற வேலை, டிக்கெட் கவுன்ட்டர்ல ஆள் வரலைன்னா அங்கயும் நான் தான்.

அலைச்சல் மிச்சம், இருந்த இடத்துலயே படிக்கலாம்ங்கிறதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது, விட்டுடுவோம். பாடமும் ஏறக்குறைய ஒண்ணு தான்: பண்பாட்டுக் கொள்கை, நிதி திரட்டுறது, மார்க்கெட்டிங், கடைசியில ஒரு ஆய்வேடு. பண்பாட்டு வெளிப்பாடுகளோட பன்முகத்தன்மையைக் காக்குறதுக்கான யுனெஸ்கோவோட 2005 உடன்படிக்கை எனக்கும் பாடமா வந்துச்சு, வேலையை விட்டுட்டு கேம்பஸ் போன என் ஃப்ரெண்டுக்கும் வந்துச்சு.

என்னை முடிவெடுக்க வெச்சது ஒரே விஷயம், வேலை கையில இருக்கும்போதே படிக்கிறது. இந்தத் துறையில ஒரு வருஷம் விட்டுட்டு வந்தா நாற்காலி காலியா இருக்காது, அடுத்த சீசனுக்கான பேச்சுவார்த்தை இப்பவே ஓடிட்டிருக்கும், அந்த சுத்துல நீங்க இல்லைன்னா குழுக்காரங்க வேற ஆளுக்கு போன் பண்ணப் பழகிடுவாங்க. ஆனா இது பாதி தான். மீதி பாதி எனக்கு படிக்க ஆரம்பிச்சப்புறம் தான் புரிஞ்சுச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி பாமோல், போவன்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க 1966-ல சொன்னதைப் படிச்சேன். தொழிற்சாலையில மெஷின் வந்தா ஒரு ஆளோட உற்பத்தி கூடும், ஆனா நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற ஒரு இசைக்கு பீத்தோவன் காலத்துலயும் நாலு பேர் தான், இன்னைக்கும் நாலு பேர் தான், நேரமும் அதே நேரம், சம்பளம் மட்டும் மத்த துறைங்களோட சேர்ந்து ஏறும், அதனால செலவுக்கும் டிக்கெட் வருமானத்துக்கும் நடுவுல பள்ளம் விழுந்துட்டே இருக்கும்னு. திங்கக்கிழமை காலையில எங்க அஞ்சு வருஷ பட்ஜெட்டைத் திறந்தா அப்படியே இருக்கு, நடிகர் சம்பளமும் லைட்டு சவுண்டுக்காரங்க கூலியும் ஏறிட்டே போகுது, டிக்கெட் வருமானம் மட்டும் படுத்துக் கெடக்கு. அதுவரைக்கும் எங்க மேனேஜரும் நானும் போஸ்டர் சரியில்லைன்னு சண்டை போட்டுட்டிருந்தோம்! அவர்கிட்ட அனுமதி வாங்கி, அரங்கத்தோட பேரை எடுத்துட்டு அதையே அசைன்மென்ட்டா எழுதினேன், அதுல ஒரு பக்கம் பெருசா மாத்தாம எங்க நிதி உதவி விண்ணப்பத்துக்குள்ளயும் போச்சு. கேட்டதுல பாதி கெடச்சது.

சரி, இதுக்கு விலை நேரம். பிரிட்டன் முறையில மாஸ்டர்ஸ்னா 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம்னு கணக்கு, மொத்தம் 1800 மணி நேரம். ரெண்டு வருஷத்துல முடிக்கணும்னா வாரத்துக்கு 17 மணி நேரத்துக்கு மேல ஆகுது, ஒரு வாரம் கூட லீவு எடுக்காம இருந்தா! நம்ம வேலையோ சாயங்காலமும் சனி ஞாயிறும். ஃபெஸ்டிவல் வாரத்துலயே ஒரு டெட்லைன் வந்து, மேடைக்குப் பின்னாடி லேப்டாப்பை மடியில வெச்சு நாலு வரி தட்டினதோட சரி, அந்த மாட்யூலைத் தள்ளிப் போட்டேன். அதனால சேர்றதுக்கு முன்னாடி மாட்யூலைத் தள்ளிப்போட விடுவாங்களா, மொத்தம் எத்தனை வருஷத்துக்குள்ள முடிக்கணும், நேரலை வகுப்போட ரெக்கார்டிங் கெடைக்குமான்னு கேட்டுக்கோங்க. ஃபீஸைப் பத்தி அப்புறம் கேட்டா போதும்.

கேம்பஸ்ல ஜெயிக்கிறது ஆளுங்க பழக்கம். என் ஃப்ரெண்டோட கூடப் படிச்சவங்க இப்ப ஆளுக்கொரு அமைப்புல இருக்காங்க, ஒரு போன்ல காரியம் நடக்குது, எங்க வாட்ஸ்ஆப் குரூப்ல பிறந்தநாள் வாழ்த்து மட்டும் தான் ஓடுது. இன்னும் இந்தத் துறைக்குள்ளயே வராதவங்கன்னா நான் சொன்ன லாபம் எதுவும் இல்லை, திறக்கிறதுக்கு பட்ஜெட்டே கையில இருக்காதே, அவங்க இன்டர்ன்ஷிப்போட வர்ற கேம்பஸ் படிப்புக்கே போகலாம். வேற நாட்டுல போய் வேலை பாக்குற எண்ணம் இருந்தாலும் அப்படித்தான், வீட்டுலேர்ந்து படிக்கிறதுக்கு மாணவர் விசா வராது. மியூசியம் பக்கம் போறவங்களுக்கு எது சரின்னு நான் சொன்னா அது கேள்வி ஞானம் தான், அங்க நான் வேலை பாத்ததில்லை.

வேலை குடுக்குறவங்க ஆன்லைன் டிகிரியை மட்டமா பாப்பாங்களான்னு நெறைய பேர் கேக்குறாங்க. முடிச்சப்புறம் நான் போனது ரெண்டே இன்டர்வியூ, ரெண்டுலயும் எப்படிப் படிச்சேன்னு யாரும் கேக்கல, அந்த பட்ஜெட் கதையைத் தான் தோண்டித் தோண்டி கேட்டாங்க. ரெண்டை வெச்சு எல்லா இடமும் அப்படித்தான்னு நான் சொல்ல மாட்டேன்.