மௌஸ்: வாத்தியக் குழுவை மறைத்துப் போன கைதிகள்

ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ முழுத் தொகுப்பை இரண்டாம் தடவை படித்து முடித்த கையோடு எழுதுகிறேன். ஏறக்குறைய 300 பக்கம், உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை. போலந்து யூதரான அப்பா விளாடெக் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்ட கதையை, நியூயார்க்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டேப்பில் பதிவு செய்து, மகன் படக்கதையாக வரைந்திருக்கிறார். யூதர்கள் எலி, ஜெர்மானியர்கள் பூனை, போலந்துக்காரர்கள் பன்றி. 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது.

இதை எழுத்திலேயே எழுதியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பக்கத்தைத்தான் பிரித்துக் காட்டுவேன். கைதிகள் வேலைக்கு அணிவகுத்துப் போகிறார்கள், ஓரமாக ஒரு வாத்தியக் குழு வாசிக்கிறது. அப்படி ஒரு குழு இருந்ததற்கு ஆவணம் இருக்கிறது என்கிறார் மகன். நடந்து போனதுதான் ஞாபகம், வாத்தியம் எதுவும் ஞாபகத்தில் இல்லை என்கிறார் அப்பா. அடுத்த படக்கட்டத்தைப் பார்த்தால் குழு அதே இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் நடந்து போகிறவர்கள் அதை மறைத்துவிட்டார்கள், வாத்தியங்களின் நுனி மட்டும் தலைகளுக்கு மேலே தெரிகிறது. அப்பாவைப் பொய்யராக்காமல், ஆவணத்தையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு படம் இதைச் செய்துவிடுகிறது! எழுத்து என்றால் நடுவில் ஒரு ‘ஆனால்’ போட்டாக வேண்டும், போட்டதுமே இரண்டு பேரில் ஒருவர் தோற்றுவிடுவார்.

அப்புறம் அந்த வால். அப்பாவும் அம்மாவும் போலந்துக்காரர்கள் போல வேஷம் போட்டு வெளியே போகும்போது பன்றி முகமூடி மாட்டிக்கொள்கிறார்கள், அம்மா ஆன்யாவுக்கு மட்டும் கோட்டுக்குக் கீழே எலி வால் தொங்குகிறது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் அத்தனையும் அந்த வாலில் இருக்கிறது.

உயிர் பிழைத்து வந்தவர் என்பதற்காக அப்பாவை மகன் எங்கேயும் பூசி மெழுகவில்லை. பிரித்துத் தின்ற கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரியான சீரியல் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்கிற மனுஷன் அவர். 1968இல் ஆன்யா தற்கொலை செய்துகொண்ட பிறகு அவருடைய டைரிகளை எரித்துப்போட்டவரும் அவர்தான். அது தெரிய வரும்போது மகனுக்கு வருகிற கோபத்தை, அப்பாவைப் பார்த்து அவர் சொல்கிற வார்த்தையோடு, அப்படியே வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போலந்து மக்களைப் பன்றிகளாக வரைந்தது எனக்கு இரண்டாம் தடவையும் ஒப்பவில்லை. உதவி செய்த போலந்துக்காரர்களுக்கும் அதே முகம்தான்.

வாங்குவதாக இருந்தால் அச்சுப் புத்தகமாகவே வாங்குங்கள். அச்சில் வருகிற அளவிலேயே வரைந்த பக்கங்கள் இவை, பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் விழ வேண்டும். போனில் கட்டம் கட்டமாகத் தள்ளிப் பார்த்தால் அந்த வாத்தியக் குழு பக்கமே வீணாகிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், எலிப் படத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.