ஐந்து வருசக் கடைக்குக் கைக்கடதாசியா, பதிந்த உறுதியா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட போட்டோக்கொப்பிக் கடை போட ஓர் அறை பார்த்தேன். உரிமையாளர் அக்கா கனடாவில். அவரின் அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) வைத்திருக்கும் தம்பிக்காரர், முத்திரை ஒட்டிய கடதாசியை நீட்டி, "தம்பி, ஊருக்குள்ள என்னத்துக்கு நொத்தாரிசு?" என்றார். "இல்லை அண்ணை, உறுதியே முடிப்பம்" என்றேன். உறுதி என்றால் நொத்தாரிசு எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டப் பத்திரம்.

கடதாசிக்குச் செலவில்லை, அரை மணித்தியாலத்தில் முடியும். மாத வாடகைக்கு இருந்துவிட்டு எழும்புகிறவருக்கு அது போதும். ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் எழுதினால் செல்லாது. 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படி. கண்ணாடி முகப்பும் புது வயரிங்கும் என் காசில் போட இருந்த எனக்கு அது சரிவராது.

உறுதி முடித்தால் மட்டும் போதுமா? இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். நொத்தாரிசு மாதா மாதம் உறுதிகளின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். அது பதிவு அல்ல. பதிவுக்கு உறுதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டு, அக்கா நாளைக்குக் காணியை விற்று, வாங்கியவர் தன் உறுதியை முதலில் பதிந்தால், அவருக்கு எதிராக என் குத்தகை நிற்காது. எழுதிய திகதியில் நான் முந்தியிருந்தாலும் பதிந்ததில் முந்தியவர் அவர். வெளிநாட்டுக்காரரின் காணி எப்போது கைமாறும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் பதிவு இலக்கம் விழுந்த உறுதியைக் கையில் வாங்கிய பிறகுதான் தச்சரைக் கூப்பிட்டேன்.

அலைச்சல் இருந்தது, மறைக்கவில்லை. அது சீதனக் காணி. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மனைவியின் அசையாச் சொத்துக்குக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். தம்பியிடம் இருந்ததோ அக்காவின் தத்துவம் மட்டும். அத்தானின் சம்மதம் வர இரண்டு கிழமை போனது. அதோடு, வரைவில் இரண்டு பரப்புக் காணி முழுவதும் எனக்கே குத்தகை என்று அடித்திருந்தார்கள்! றோட்டுப் பக்க அறை என்று திருத்தி, எல்லைகளையும் போடச் சொன்னேன்.

முத்திரை வரி முழுக் காலத்து வாடகைக்கும் சேர்த்துத்தான் வரும். முதலில் கொஞ்சம் கடிக்கும். இடையில் விட்டுப் போக மூன்று மாத முன்னறிவித்தல் என்று ஒரு வாசகமும் போட்டிருக்கிறோம். கடை தொடங்கி இரண்டு வருசம்தான், அதைப் பாவிக்கும் தேவை இன்னும் வரவில்லை.